ஒரே ரவுட்டரில் ஐந்து பொது ஐ.பி. முகவரிகள்

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்துக்கு இணையச் சேவை நிறுவனம் ஐந்து பொது ஐ.பி. முகவரிகளை வழங்கியுள்ளது. ரவுட்டரிலோ ஒன்றைப் பதியத்தான் இடம் இருக்கிறது. மின்னஞ்சல் சர்வருக்கு ஒன்று, வலைத்தள சர்வருக்கு ஒன்று, ஊழியர்களின் கணினிகளுக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்வது எப்படி?

பதில்: அந்த முகவரிகள் எந்த முறையில் உங்களை வந்தடைகின்றன என்பதை முதலில் சேவை நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 203.0.113.40/29 போன்ற ஒரு தொகுதியை இணைப்பிலேயே நேரடியாகக் கொடுத்திருந்தால், அதிலுள்ள எட்டு முகவரிகளில் முதலும் கடைசியும் கருவிகளுக்குப் பயன்படா. இன்னொன்று நிறுவனத்தின் கேட்வேக்கு, அதாவது உங்களை இணையத்தோடு சேர்க்கும் அதன் கருவிக்கு, போய்விடும். எஞ்சும் ஐந்துதான் உங்களுடையவை. இந்த முறையில், ஒரு முகவரி யாரிடம் இருக்கிறது என்று நிறுவனத்தின் கருவி ஏ.ஆர்.பி. என்ற நெறிமுறை வழியாகக் கேட்கும்போது ஐந்துக்கும் உங்கள் ரவுட்டரே பதில் தர வேண்டும் என்பதால், மற்ற நான்கையும் அதன் வெளி இணைப்பில் கூடுதல் முகவரிகளாகச் சேர்க்க வேண்டும். மாறாக, தொகுதி முழுவதையும் உங்கள் ரவுட்டரின் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால் இந்த வேலை மிச்சம். பொது முகவரிகளையும் உள் முகவரிகளையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றித் தரும் நாட் விதிகளே போதும்.

வீட்டு உபயோக ரவுட்டர்கள் பலவற்றில் கூடுதல் முகவரிகளைச் சேர்க்கும் வசதி கிடையாது. முகவரிக்கொரு ரவுட்டராக அடுக்கினாலும் வேலை நடக்கும். ஆனால் பிணையம் துண்டு துண்டாகிவிடும் என்பதால், கருவியை மாற்றிவிடுவதையே பரிந்துரைப்பேன்.

உள்ளே வரும் போக்குவரத்துக்கு, ஒரு முகவரியை ஒரு சர்வருக்கு அப்படியே ஒப்படைக்கும் ஒன்றுக்கொன்று நாட் எளிதாகத் தோன்றினாலும், ஃபயர்வால் தளர்வாக இருந்தால் எல்லாப் போர்ட்டுகளும் (சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்கள்) திறந்து கிடக்கும். தேவையான போர்ட்டுகளை மட்டும் அனுப்புவதே நல்லது.

பலர் கோட்டை விடுவது வெளியே செல்லும் திசையில்தான். தனி விதி இல்லையெனில் மின்னஞ்சல் சர்வரும் ரவுட்டரின் முதன்மை முகவரியிலிருந்தே பேசும், அது எஸ்.பி.எஃப். பதிவோடும் (உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற முகவரிகளின் பட்டியல்) தலைகீழ் டி.என்.எஸ். பதிவோடும் (ஐ.பி. முகவரிக்குரிய பெயரைச் சொல்வது) பொருந்தாமல் போனால், பெறுபவர் தரப்பு அஞ்சலை ஸ்பேமில் தள்ளக்கூடும். ஆகவே அந்தச் சர்வருக்கான மூல நாட் விதியை (வெளியே செல்லும்போது எந்தப் பொது முகவரியைக் காட்ட வேண்டும் என்பது) பொது விதிக்கு மேலே வையுங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் விதிகளை மேலிருந்து கீழாகவே படிக்கின்றன. தலைகீழ் பதிவை வழக்கமாகச் சேவை நிறுவனமே செய்து தர வேண்டியிருக்கும்.

சோதனையை மொபைல் டேட்டாவிலிருந்து செய்யுங்கள். அலுவலகத்துக்குள்ளிருந்து சொந்தப் பொது முகவரியை அழைக்க ஹேர்பின் நாட் (அந்த அழைப்பை மீண்டும் உள்ளேயே திருப்பும் விதி) தேவைப்படும். முன்பு வேறு கருவியில் இருந்த முகவரி மட்டும் இயங்காவிட்டால், நிறுவனத்தின் கருவி பழைய கருவியின் மேக் முகவரியையே (அதன் வன்பொருள் அடையாள எண்) நினைவில் வைத்திருக்கலாம். சிஸ்கோ ரவுட்டர்களில் அந்நினைவின் இயல்பான காலம் 4 மணி நேரம். காத்திருங்கள், அல்லது அதை அழிக்கச் சொல்லுங்கள்.