விண்மீன் அட்டவணையில் என்னென்ன இருக்கும்? அதிலுள்ள இடத்தை எவ்வளவு நம்பலாம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அட்டவணையில் உள்ள எண்ணை வைத்துத் தொலைநோக்கியைத் திருப்பினால் விண்மீன் தள்ளி நிற்கிறதே, தப்பு யார் மேல்? பெரும்பாலும் யார் மேலும் இல்லை.

வானம் முழுவதற்குமான அட்டவணையில் ஒவ்வொரு விண்மீனுக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் (வானத்தில் இடம் சொல்லும் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி), பிரகாசம், பலவற்றுக்கு ஆண்டுதோறும் நகரும் அளவு, தொலைவைக் கணக்கிட உதவும் இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் சற்றே நகர்வதுபோல் தெரியும் அளவு) எல்லாம் இருக்கும். 1997-இல் வந்த ஹிப்பார்க்கஸ் என்ற அட்டவணையில் 1,18,218 விண்மீன்கள். இடத்தில் பிழை ஏறத்தாழ ஒரு விகலையில் (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு. 2000-இல் வந்த டைக்கோ-2 அட்டவணையில் சுமார் 25 லட்சம். 2022-இல் வெளியான கையா விண்கலத்தின் மூன்றாம் தொகுப்பில் சுமார் 180 கோடி.

நெல்லையப்பர் கோவில் வாசலில் நின்று 550 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் உள்ளதைப் பார்ப்பதாக வையுங்கள். டைக்கோ-2-இன் சராசரிப் பிழை அங்கே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஹிப்பார்க்கஸில் அரிசியின் பருமன். கையாவில், பிரகாசமான விண்மீன்களுக்கு, ஒரு தலைமுடி! (மிகப் பிரகாசமான சில அதில் இல்லை. கருவிக்கே கண் கூசும்.)

அப்புறம் ஏன் தள்ளி நிற்கிறது? பூமியின் அச்சே பம்பரம்போல் மெல்லத் தலையாட்டிச் சுழல்வதால், இடத்தை அளக்கும் ஆயக்கோடுகளே ஆண்டுக்கு 50 விகலை நகர்கின்றன. பல அட்டவணைகள் 2000-ஆம் ஆண்டின் கோடுகளில் இடத்தைச் சொல்கின்றன. இன்றைக்கு அது முழுநிலவின் அகலத்தில் முக்கால் பங்கு வரை வித்தியாசம். தொலைநோக்கி மென்பொருளில் 'இன்றைய தேதி' என்று மாற்றிப் பாருங்கள். பர்னார்டு விண்மீன் என்றால் அதன் சொந்த ஓட்டத்தையும் கூட்ட வேண்டும். அது ஆண்டுக்குப் பத்து விகலை ஓடுகிறது.