மூடிய வானத்தின் கீழ் நீர்ப்பறவைகள்

கேள்வி: டிசம்பரில் மகளைப் பார்க்க லண்டன் போகிறேன். குளத்துப் பறவைகளைப் படமெடுக்க ஆசை. குளிரும் மங்கலுமாக இருக்கும் என்று இப்போதே பயமுறுத்துகிறாள். இங்கே கோலாலம்பூர் தித்திவங்சா ஏரியில் மழை நாளில் நான் எடுத்த கொக்குப் படங்களே கலங்கலாகத்தான் வந்தன. 300 மி.மீ. வரை நீளும் லென்ஸ் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் ஐயா?
– வாசகி, செந்தூல்

பதில்: ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர் அளவை, உயர்த்தத் தயங்கியிருப்பீர்கள் அம்மா. மங்கலில் கேமரா ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதற்குள் கொக்கு கழுத்தைத் திருப்பிவிடும், நம் கையும் அசைந்துவிடும். நீந்தும் பறவைக்கு 1/500 நொடி, சிறகடித்துக் கிளம்பும் பறவைக்கு 1/1600 நொடி என்று வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினாலும் ஏறட்டும். அதனால் படம் மணல்மணலாகத் தெரிவதைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். அசைவில் கலங்கிப்போன பறவையின் கண்ணை மீட்பது கடினம்.

மூடிய வானம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊர் உச்சி வெயிலில் வெள்ளைக் கொக்கின் உடல் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது. மேகம் கவிந்தால் இறகின் ஒவ்வோர் ஓரமும் தெரியும். படத்தில் கறுத்த நீரே நிறைந்திருந்தால் மட்டும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள். வெளுத்த வானத்தில் பறக்கும் பறவைக்கு ஒரு படி கூட்டுங்கள்.

செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு அவசியம் போங்கள். 1664இல் ரஷ்யத் தூதர் மன்னருக்குப் பரிசளித்த காலத்திலிருந்து அங்கே கூழைக்கடாக்கள் பெயர் பெற்றவை. நாமக்கோழியையும் விட்டுவிடாதீர்கள். கரிய உடல், நெற்றியில் வெண்மை, சிவந்த கண்: மூன்றும் கெடாமல் ஒரே படத்தில் வரும்வரை எடுங்கள். வெளிச்சத்தை அளக்கக் கற்க அந்தப் பறவையே போதும். கரையில் குந்தி, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். பிளாஷ் வேண்டாம். ரொட்டி வீசி அழைப்பதும் வேண்டாம். பறவைக்கு அது நல்ல தீனி இல்லை.

டிசம்பரில் அங்கே சூரியன் எழுவதே எட்டு மணியளவில்தான், நான்கு மணிக்குள் மறைந்துவிடும். ஆகவே நடுப்பகலை வீணாக்காதீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரி கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

கேள்வி: விடியற்காலையில் புத்ராஜெயா ஈரநிலப் பூங்காவில் காரை விட்டு இறங்கியதுமே லென்ஸில் நீராவி படிகிறது. ஏன்?
– வாசகர், காஜாங்

பதில்: காரின் ஏர்கானில் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கேமராப் பையைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். முந்தின இரவு ஏர்கான் அறையில் வைக்காதீர்கள். படிந்துவிட்டால் லென்ஸைக் கழற்றாமல், தேய்க்காமல் அரை மணி நேரம் காத்திருங்கள். லண்டனில் இது தலைகீழாக நடக்கும்: குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பின்புதான் திறக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சையும் பிடிக்கும். அலமாரியில் வைப்பதை விட்டு, மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.