மணி அடிக்கிறது சும்மா வேலையா?

கேள்வி: இடைக்காலத்துல பிரான்ஸ் கிராமத்து சர்ச்சுக்கு மணி அடிச்சு பூசை வைக்கிறதைத் தவிர வேற என்னதான் வேலை இருந்துச்சு?

பதில்: போற போக்குல ‘மணி அடிச்சு’ன்னு எழுதிட்டீங்க, எனக்கு அது ஒண்ணே போதும். நம்ம பாஷைல கோபுரத்துல தொங்குறதும் மணி, "மணி என்ன"ன்னு கேக்குறதும் மணி. ஐரோப்பாலயும் அப்படித்தான், இங்கிலீஷ்ல க்ளாக்ங்கிற வார்த்தையே மணியைக் குறிக்கிற பழைய லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான், பிரெஞ்சுல க்ளோஷ்னா இன்னிக்கும் மணி. வயலுக்குக் கிளம்ப மணி, வேலையை விட மணி, சாவுக்கு மணி, நெருப்புப் பிடிச்சா மணி, கொள்ளைக்காரன் வந்தா மணி, ஆலங்கட்டி மழை வந்து திராட்சையை அழிச்சிரக் கூடாதுன்னு மேகத்தைப் பார்த்துக்கூட அடிச்சாங்க, அப்படி அடிச்சவங்கள்ல இடி விழுந்து செத்தவங்களும் உண்டு. இது சும்மா வேலையா?

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாசல்லயே ஊர்க்கூட்டம். கல்லறைத் தோட்டத்துல சந்தை, டான்ஸ், எல்லாம் நடந்துச்சு. கூடாதுன்னு ஆயர்கள், அதான் பிஷப்புங்க, திரும்பத் திரும்ப தடை போட்டாங்க, ஜனம் கேட்டாத்தானே.

நான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கேன், பிரான்ஸ் சர்ச்சுன்னாலே ஏன் எல்லாரும் பாரிஸ்ல இருக்குற பெரிய சர்ச்சு நோத்ர தாம் படத்தையே போடுறீங்க? சம்சாரி, அதான் விவசாயி, வாழ்ந்ததும் செத்ததும் இந்தக் குட்டி சர்ச்சுலதான். விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச்சுக்கு வரின்னு கணக்கு, நிறைய ஊர்ல அதுல பெரும்பகுதி எங்கயோ இருக்குற மடத்துக்கும் ஆயருக்கும் போயிரும், உள்ளூர் சர்ச்சு சாமியாருக்கு மிச்சம் மீதிதான். பிரனே மலைல மோன்தாயூன்னு ஒரு ஊர், 1318-லேர்ந்து 1325 வரைக்கும் ஆயர் ஜாக் ஃபூர்னியே அந்த வட்டாரத்து ஜனங்களை விசாரிச்சு எழுதி வச்ச ஏடு இருக்கு, அதுல ஆட்டுக்குட்டிக்குக்கூட பங்கு கேக்குறாங்களேன்னு ஆளாளுக்கு பொருமுறாங்க. அந்த ஆயர் பின்னாடி போப்பாவே ஆயிட்டார்.

ஆனா கட்டடம்னு வந்தா ஜனங்க நிக்கிற பகுதியை பொதுவா ஊர்க்காரங்கதான் பழுது பார்க்கணும். கூரையும் அவங்க காசு, மணியும் அவங்க காசு. அதனாலதான் சொல்றேன், அது சாமியார் சொத்து இல்ல, ஊர்ச் சொத்து. நம்பலைன்னா பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தைப் பாருங்க. 1789 ஆகஸ்ட்ல அந்தப் பத்துல ஒரு பங்கு ஒழியுதுன்னதும் எந்த சம்சாரியும் அழல. 1793-ல ஒரு ஊர் சர்ச்சுக்கு ஒரு மணிதான், மிச்சத்தையெல்லாம் உருக்கி பீரங்கி செய்யக் குடுங்கன்னு உத்தரவு வந்தப்போ, பல ஊர்ல ராத்திரியோட ராத்திரியா மணியை இறக்கி மண்ணுக்குள்ள புதைச்சு வச்சாங்க.