கணக்கு வராத பிள்ளைக்கு மருத்துவமனை நிர்வாகம் சரிப்படுமா?

அம்மா, நர்சிங் முடித்த உங்கள் மகள் மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலை படிக்க ஆசைப்படுகிறார். பாடத்திட்டத்தில் 'ஹெல்த்கேர் அனலிடிக்ஸ்' என்று, அதாவது மருத்துவமனைத் தரவுகளை அலசிப் பார்க்கும் ஒரு தாளைப் பார்த்ததும் உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அதில் அடிக்கடி வரும் கணக்கு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

100 படுக்கைகள் உள்ள மருத்துவமனை. 30 நாளுக்கு 3,000 படுக்கை நாட்கள். அதில் 2,400 நிரம்பியிருந்தால் 80 சதவீதம். அந்த மாதம் 600 பேர் வீட்டுக்குப் போனார்கள் என்றால், ஆளுக்குச் சராசரியாக 4 நாள். இதுவே 5 நாள் ஆகிவிட்டால் அதே 600 பேருக்கே 3,000 நாளும் தீர்ந்துபோகும். அடுத்து வருகிறவருக்குப் படுக்கை கிடையாது.

இதுவரை பெருக்கலும் வகுத்தலும்தான். அந்த ஒரு நாள் எங்கே கூடியது என்று தேடும்போதுதான் நிஜமான வேலை தொடங்குகிறது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் 'போகலாம்' என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி மதியம்தான் தயாராகிறது. இன்சூரன்ஸ் அப்ரூவல் வர இரவாகிவிடுகிறது. மறுநாள் காலைதான் படுக்கை காலி. கம்ப்யூட்டரில் இருப்பது தேதியும் நேரமும் மட்டும். அதன் பின்னால் நடந்தது என்ன என்று வார்டில் நின்றவருக்குத்தான் சட்டென்று பிடிபடும். கணக்கில் புலியாக இருக்கும் பொறியியல் பட்டதாரியைவிட உங்கள் மகள் இங்கே ஒரு படி முன்னால் நிற்கிறார் என்பேன்.

தனியார் மருத்துவமனைக்கு மட்டும் உரிய விஷயம் என்றும் நினைக்காதீர்கள். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கண்காணித்துத்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்புகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் ஒவ்வொரு கிளெய்மும் ஒரு தரவுதான்.

சரி, கல்லூரி. விளம்பரத்தில் 'ஏஐ' என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மாணவர்கள் நிஜ மருத்துவமனைத் தரவில் வேலை செய்கிறார்களா, நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கித்தான் அதைத் தருகிறார்களா என்று கேளுங்கள். போன வருட மாணவர் ஒருவரின் புராஜெக்ட் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கக் கேளுங்கள். தயங்கினால் எனக்குச் சந்தேகம்தான்.

சேருவதற்கு முன் மகள் எக்செலில் பிவட் டேபிள் (நீளமான பட்டியலை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடப் பழகட்டும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல், தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தனியாக ஐம்பதாயிரம் கட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கச் சொன்னால், இப்போதைக்கு வேண்டாம்.