கருவி ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள் நான். சுகர் உண்டு. கையில் சுகர் அளக்கும் சென்சார் ஒட்டி 14 நாள் பார்ப்போம், பணமும் தருவோம் என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, பாம்பன்)

சேரலாம் அம்மா. ஆனால் உங்கள் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பவர் நீங்கள். பரவலாகப் புழங்கும் சென்சார்களில் சில, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான் தாங்கும். பாசிப் பையின் கயிறு உரசினால் பிய்ந்தும் வரும்.

இன்னொன்று முக்கியம். சென்சார் ரத்தத்திலுள்ள சுகரை அளப்பதில்லை. தோலுக்கடியில் ஊறும் நீரிலுள்ள சுகரை அளக்கிறது. சுகர் சட்டென்று இறங்கும்போது சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். தண்ணீருக்குள்ளிருந்து போனுக்குச் சேதியும் போகாது. சுகர் இறங்கும்போது வியர்ப்பதும் கடலில் தெரியாது. கை நடுங்கினாலே மேலே ஏறி, மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடியுங்கள். வள்ளத்தில் சீனி இல்லாமல் இறங்காதீர்கள்.

பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? (தொண்டி)

கேட்கக்கூடாது. அது போக்குவரத்துக்கும் நீங்கள் இழக்கும் ஒருநாள் தொழிலுக்கும் ஈடு. எவ்வளவு என்பதை, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தரும். விலகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையும் குறையக்கூடாது. ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை உங்கள் உரிமை.

வாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் கையெழுத்துப் போடட்டுமா? (கீழக்கரை)

வேண்டாம் தம்பி. சம்மதம் அவருடையது. ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி பக்கத்திலிருக்க, தாளை முழுதும் தமிழில் படித்துக்காட்ட வேண்டும். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் கைநாட்டு. சாட்சியும் கையெழுத்திட வேண்டும், ஒரு பிரதி வாப்பா கையில் இருக்க வேண்டும்.

ஆள் சேர்க்கும் இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கைநாட்டு வைத்து, விரல் மையைத் துடைத்தபடியே "மாத்திரை எப்ப தருவீங்க?" என்றார். அது கருவி ஆய்வு, மாத்திரையே கிடையாது. மனசு கேட்கவில்லை. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, மறுநாள் மகளோடு வரச் சொன்னேன்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய் என்கிறார்கள். (மண்டபம்)

ஒரு பைசா கட்டாதீர்கள். ஆய்வில் சேர நோயாளியிடம் பணம் கேட்பது முறையல்ல. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. அதில் இந்த ஆய்வுக்குத் தந்த பதிவு எண்ணை (சி.டி.ஆர்.ஐ. எண் என்பார்கள்) கேட்டு வாங்கி, யாரையாவது இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.