தம்பிக்கு நெஞ்சில் குழாய் போட்டு இரண்டு நாள், ஏன் இன்னும் ஒப்பரேஷன் இல்லை?

குழாயோடு வைத்திருப்பதும் வைத்தியம்தான், கவனிப்பின்மை அல்ல. ஹட்டன் பக்கம் லொறி கவிழ்ந்து விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்குள் இரத்தம் கட்டிய உங்கள் தம்பியைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குழாயே போதும்.

நெஞ்சைத் திறக்க ஒரு பொதுக் கணக்கு உண்டு. குழாய் போட்டவுடனேயே 1,500 மில்லிலீட்டர் இரத்தம் வரவேண்டும், இல்லாவிட்டால் மணிக்கு 200 மில்லிலீட்டர் வீதம் இரண்டு முதல் நான்கு மணி நேரம் விடாமல் வரவேண்டும். தம்பிக்கு அந்த அளவு வந்திருக்காது என்று நினைக்கிறேன். கத்திக்குத்து என்றால் கதை வேறு, சில வேளை உடனே திறந்துதான் உயிரைப் பிடிக்க முடியும். தோட்ட லயத்தில் "வெட்டினால் சரியாகிவிடும்" என்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

குழாய் போய்ச் சேரும் போத்தலைப் பாருங்கள். நேற்றைய அளவுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று டொக்டரிடம் கேளுங்கள். மூச்சுக்கு ஏற்ப அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். போத்தலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கவே கூடாது.

வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டி நிமோனியா வரலாம், வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மூச்சு திணறினாலோ, திடீரென்று இரத்தம் கூடினாலோ, குழாய் கழன்றாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே தாதி மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.