வாசகர் கேள்வி: சிறைக்கு மாற்று வருமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் சிறு திருட்டுக்காகச் சிறைக்குப் போய், போனதைவிட மோசமானவனாகத் திரும்பினான். இனியாவது இந்த முறை மாறுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நம் மலேசியச் சட்டத்தில் இருக்கிறது. சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், மூன்று மாதங்கள் வரை, நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்படாத பொது வேலையில் ஈடுபடுத்துமாறு நீதிமன்றம் ஆணையிடுவதற்கு 1954ஆம் ஆண்டின் கட்டாய வருகைச் சட்டம் இடமளிக்கிறது. இரவில் அவர் தம் வீட்டில்தான் உறங்குவார், பழைய கைதிகளின் பாடமும் அவருக்குக் கிடைக்காது. தண்டனைக் காலம் முடியுமுன்பே கைதியைக் கண்காணிப்பின்கீழ் வெளியே விடும் பரோல் முறை 2008இல் சட்டமானது. குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு வீட்டுக்காவலை அனுமதிக்கும் புதிய சட்டம் பற்றி 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட உரையில் அரசாங்கம் அறிவித்தது.

ஆனால் வீட்டுக்காவலுக்கு முதலில் வீடு வேண்டுமே! நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்து வீட்டில், அப்பாவின் வேலையை நம்பிக் குடியிருக்கும் பையனை எந்த முகவரியில் காவல் வைப்பது? பஸ் வராத தோட்டத்திலிருந்து, விடியற்காலைப் பெரட்டுக்கும் (வேலையாட்களின் வருகைக் கணக்கெடுப்பு) போய்விட்டு, நீதிமன்ற ஆணைப்படி பொது வேலைக்கு வரவேண்டிய, பட்டணத்தில் இருக்கும் வருகை மையத்துக்கு அவன் எப்படிப் போய்ச் சேர்வான்? கோலாலம்பூரில் எளிதாகத் தோன்றும் ஏற்பாடு, செம்பனைக் காட்டுக்கு நடுவே பெயரளவில் நின்றுவிடக்கூடும். ஆகவே, புதிய சட்டத்தைக் காட்டிலும், மாவட்டந்தோறும் கண்காணிப்பு அதிகாரிகளையும் போக்குவரத்து வசதியையும் ஏற்படுத்துவதே அவசரம் என்பது என் கருத்து. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதையே எழுதிக் கேளுங்கள்.